தம்பிக்கு, அகஸ்தியன்பள்ளியிலிருந்து

ஐப்பசி 9

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று வழக்கத்துக்காக எழுதவில்லை. உன் குரலைக் கேட்டு நாளாகிவிட்டது. போன ஞாயிறு அம்மா மூன்று முறை போன் செய்தாள், நீ எடுக்கவில்லை. தூங்குவான் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். அப்போது சைப்ரஸில் பகல் 11 மணி. அந்த நேரத்தில் தூங்க வைக்கிற வேலை எது என்று நல்லவேளையாக அவள் கேட்கவில்லை.

கோடியக்காட்டு மாமா மகன் வியாழக்கிழமை கிளம்புகிறான். இந்தக் கடிதத்தோடு பருப்புப்பொடியும் இரண்டு கைலியும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை மட்டும் வாங்க மறுத்துவிட்டான். பெட்டி நாறுமாம். அவன் எதைத் தின்று வளர்ந்தான் என்பதை மறந்துவிட்டான் போலிருக்கிறது.

உப்பு வாருவது முடிந்து, அம்பாரங்களைக் கீற்றுப் போட்டு மூடியாகிவிட்டது. விலை பரவாயில்லை. சின்னக்காவுக்கு வளைகாப்பு தை மாதம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நீ புரட்டாசியில் அனுப்பிய பணம் வந்தது. வழக்கமாக வருவதைவிட 30,000 ரூபாய் அதிகம். ஏதப்பா என்று கேட்டதற்கு, “இரவில் தோட்ட வேலை” என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் பேச்சை மாற்றினாய். இரவில் வேலை நடக்கும் தோட்டம் நம் பக்கத்திலும் உண்டு. மும்முனை மின்சாரம் இரவில் வரும்போது மோட்டார் போடப் போவார்கள். சைப்ரஸிலுமா அப்படி?

இருக்கட்டும். நான் எழுத உட்கார்ந்தது பாம்பைப் பற்றி.

அங்கே ஒரு விரியன் உண்டு என்று நீதான் சொன்னாய். மண் நிறம், தடித்த உடம்பு, மிதிக்கும்வரை அசையாமல் கிடக்கும். ஊரார் அதைக் ‘கூஃபி’, அதாவது செவிடு என்று கூப்பிடுவார்கள் என்றாய். நம் கண்ணாடிவிரியனுக்குப் பங்காளிதான். குளிர் இறங்கும்வரை அது பொந்துக்குள் அடங்காது. அதனால் இரவில் புதர்ப் பக்கம் போகாதே. போய்த்தான் ஆகவேண்டும் என்றால் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொள், டார்ச் அடித்துப் பார்த்துக் காலை வை. டார்ச் அடிக்கக்கூடாத வேலையாக இருந்தால் போகவே போகாதே.

அக்ரோத்திரி உப்பேரிப் பக்கம் பூனைகள் நிறைந்த ஒரு கன்னியர் மடம் இருப்பதாக எழுதியிருந்தாய். பாம்பை ஒழிப்பதற்கு நாலாம் நூற்றாண்டில் ஹெலினா அரசி கப்பலில் பூனைகளை அனுப்பியதாகக் கதை. அத்தனை பூனைகள் சேர்ந்தும் பாம்பு தீரவில்லை என்றால், நீ எம்மாத்திரம்?

முதல் வருடம் நீ எழுதியவற்றை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். தை மாதம் போய் இறங்கினாய். லார்னகா விமான நிலையத்தை ஒட்டியே உப்பேரி, அதில் வரிசையாகப் பூநாரை. “அப்பா, நம் ஊருக்கே திரும்பி வந்துவிட்டேனோ என்று பயந்துவிட்டேன்” என்று எழுதினாய். அந்த வரியை டீக்கடையில் வாசித்துக் காட்டினேன். நாம் பாத்தி கட்டிக் கடல்நீர் பாய்ச்சிக் காத்திருக்கிறோம். அங்கே மழைக்கு நிறைகிற ஏரி கோடையில் தானே வற்றி உப்பாகப் படிகிறது. அதையும் ஆட்கள் வாரிக் கழுதை மேல் ஏற்றியிருக்கிறார்கள், 1980களில்தான் அது நின்றது என்று நீ சொன்னபோது எனக்குச் சொந்தக்காரர்களைப் பற்றிக் கேட்பது போல இருந்தது. தாகத்துக்குத் திராட்சை கேட்ட புனிதர் லாசரஸுக்கு இல்லை என்று சொன்ன கிழவியின் தோட்டம்தான் உப்பாகப் போனது என்ற கதையை அம்மா இன்னும் தெருப் பெண்களிடம் சொல்கிறாள். அவள் சொல்லும்போது அந்தக் கிழவி நம் எதிர்வீட்டுக்காரி போலவே இருப்பாள்.

வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அதில் படுத்துக் கிடக்காமல் பஸ் பிடித்து ஊர் சுற்றினாய். ஒரொக்லினி ஏரியில் பவளக்கால் உள்ளான் குஞ்சு பொரிப்பதைப் பார்த்தாய். லாரா கடற்கரையில் ஆமை முட்டையிட்ட குழிகளின் மேல் கம்பிக்கூடு வைத்துக் காப்பதையும், 1978 முதல் அந்த வேலை நடப்பதையும் எழுதினாய். நம் கரையில் பங்குனி ஆமை முட்டையைக் கூடையோடு கொண்டுபோனவர்கள் யார் யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாஃபோஸ் காட்டுக்குப் போய், உலகத்தில் அந்தத் தீவில் மட்டுமே வளரும் தேவதாரு மரத்தைத் தொட்டுப் பார்த்தாய். ஊசியிலை விரல்நகம் அளவுகூட இல்லை என்றாய். ஸ்தாவ்ரோஸ் என்ற வனநிலையத்தில் அக்ரினோ என்னும் காட்டுச் செம்மறியை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு மணி நேரம் பார்த்தாய். 1930களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வேட்டையாடித் தீர்த்துவிட்டு, பிறகு காட்டையே காப்பிடமாக்கி, இன்று ஆயிரக்கணக்கில் பெருக்கியிருக்கிறார்கள். அந்த ஆடு பொறித்த 5 சென்ட் காசு சாமி மாடத்தில் இருக்கிறது. கோடியக்காட்டில் வெளிமானுக்காக 1967இல் சரணாலயம் வந்த கதையை நான் உனக்குத் தோளில் வைத்துச் சொன்னது வீண் போகவில்லை என்று அன்று நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன். நம் தெருவில் வெளிநாடு போன எவனும் கார் பக்கத்தில் நின்று படம் அனுப்பினான். என் மகன் ஆட்டின் படம் அனுப்பினான்.

பிறகு ஏன் எழுதுவதை நிறுத்தினாய்? வேலை அதிகம் என்பாய். முதல் வருடமும் அதே வேலைதான்.

அந்த வருடக் கடைசிக் கடிதத்தில் நீ கோபமாக எழுதியது எனக்கு மனப்பாடம். தலையில் கறுப்புத் தொப்பி வைத்தது போன்ற சின்னக் குருவி, ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு. அம்பெலோபூலியா என்று பெயர். 1974இலிருந்து சட்டப்படி குற்றம், ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு பரிமாறுகிறார்கள் என்றாய். ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிற வழியில் இளைப்பாற இறங்குபவை அவை. பைலா முனையில் அவற்றை இறக்குவதற்காகவே ஆஸ்திரேலிய மரங்களை நட்டு, குழாய் போட்டுத் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கிறார்கள். இரவில் ஒலிபெருக்கியில் குருவிக் குரலைப் போட்டு, மரங்களுக்கு நடுவே வலை கட்டுகிறார்கள். வலை இல்லாதவன் நறுவிலிப் பழத்தைக் காய்ச்சிக் குச்சியில் பசை தடவுகிறான். நீ பள்ளிக்கூடத்தில் நோட்டு ஒட்டிய அதே மூக்குச்சளிப் பழம்தான். “இதைச் செய்கிறவனுக்குச் சோறு எப்படி இறங்கும் அப்பா” என்று கேட்டிருந்தாய்.

தோட்டம், தண்ணீர் பாய்ச்சுவது, இரவு வேலை. நான் வேறு எதுவும் எழுதவில்லை.

ஆவணியில் நீ வீடியோவில் பேசும்போது உன் கட்டிலடியில் கம்புகளோடு சுருட்டி வைத்திருந்த கறுப்பு வலையை அம்மாவும் பார்த்தாள். மீன் பிடிக்கப் போகிறான் போல என்றாள். மீன் வலையின் அடியில் ஈயக்குண்டு இருக்கும். நீ போனைத் திருப்புவதற்குள் நான் அதைத்தான் தேடினேன்.

எனக்கு அந்த வலை எப்படித் தெரியும் என்று நீ கேட்கலாம். எண்பதுகளில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் முகாம் போட்டு, பறவை பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டார்களே, அதில் நான் வேலை பார்த்தேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். பரம்பரையாகப் பறவை பிடிக்கும் மிர்ஷிகார்கள் பீகாரிலிருந்து வந்து வலை கட்டுவார்கள். நான் கூடவே போய்ச் சேற்றில் நின்று கம்பு பிடிப்பேன். இறகு சிக்காமல் உள்ளானை எடுக்க அவர்கள்தான் கற்றுக் கொடுத்தார்கள். முதலில் காலை விடுவிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். இதுவரை உனக்குத் தெரியும்.

மீதியை இன்று எழுதுகிறேன். கிழிந்தது என்று ஒதுக்கிய வலை ஒன்றை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து தைத்தேன். பெரியக்கா பிறந்த வருடம் உப்பு விலை விழுந்துவிட்டது. அமாவாசை ஒட்டிய இரவுகளில் சேற்றுவெளியில் அந்த வலையைக் கட்டினேன். விடிவதற்குள் கழுத்தைத் திருகிச் சாக்கில் போட்டு, சாராயக்கடைப் பக்கம் விற்றேன். பிரசவச் செலவுக்கு என்று தொடங்கியது. பிரசவம் முடிந்தும் இரண்டு பருவம் நிறுத்தவில்லை. வறுமை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை; பழகிவிட்டது, அவ்வளவுதான். அம்மாவிடம் இரவு உப்பு லோடு என்று சொன்னேன்.

ஒரு நாள் சாக்கைக் கொட்டியபோது ஓர் உள்ளானின் காலில் வளையம் இருந்தது. மாட்டியவர்கள் யார் கண்டார்கள், நான் கம்பு பிடித்த இரவாகவும் இருக்கலாம். வளையத்தில் உள்ள எண்ணையும் கிடைத்த இடத்தையும் ஓர் அஞ்சலட்டையில் பம்பாய்க்கு எழுதிப் போட்டால் போதும். எழுதத் தெரிந்தவன்தான் நான். போடவில்லை. எப்படிக் கிடைத்தது என்று எழுத வேண்டுமே. அதன் பிறகு வலையை எரித்தேன். வளையத்தை எரிக்கத் தெரியவில்லை. ரேஷன் கார்டு டப்பாவில் கிடந்ததே, நூலில் கோத்து நீ கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தாயே, கோழிக்குப் போட்டது என்று சொன்னேனே, அது கோழியுடையது இல்லை.

நீ அனுப்பிய 30,000 அப்படியே வங்கியில் இருக்கிறது. வளைகாப்புக்கு எடுக்கவில்லை. அதற்கு வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். வளையத்தில் இருக்கும் எண்ணைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். முதல் எழுத்து தேய்ந்திருக்கிறது, ‘பி’யா ‘ஆர்’ஆ என்று தெரியவில்லை. பம்பாய்க்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி அனுப்பு. சேற்றுவெளி, கோடியக்கரை, மார்கழி மாதம் என்று போடு. எப்படிக் கிடைத்தது என்ற இடத்தில் வலை என்று எழுது. பெயர் கேட்டால் என் பெயரையே எழுது.

எழுதி முடித்ததும் எனக்கு வாசித்துக் காட்டு. செவ்வாய்க்கிழமை மாலை அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள், அப்போது கூப்பிடு.

பூட்ஸ் வாங்கிக்கொள். இரவில் போகாதே.

அப்பா