அந்த இடைவெளி காலி இல்ல மாப்ள

மாப்ள,

உன் கடுதாசி செவ்வாய்க்கிழமை வந்துச்சு. 1999ல ஜிஎம்டிஎஸ்எஸ்ங்கிற தானியங்கி கடல் அவசரத் தகவல் முறை வந்து கப்பல்ல ரேடியோ ஆபீசர் வேலையே இல்லாம போனப்ப, இனிமே ரேடியோ செட்டைத் தொடவே மாட்டேன்னு சொன்னவன் நீ. இப்ப ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசன்ஸ் எடுத்துட்டேன்னு படிச்சதும் உன் தங்கச்சிகிட்ட ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டினேன். இங்க எல்லாரும் சௌக்கியம், மழை இன்னும் விடல, தென்னையில கட்டின டைபோல் ஆண்டெனா மட்டும் ஒரு பக்கம் தொங்கிப் போச்சு.

ரேடியோல எழுத்து அனுப்பும்போது வர்ற தப்பையெல்லாம் கம்ப்யூட்டரே திருத்திடும்னா ஆபரேட்டருக்கு என்னடா வேலைன்னு கேட்டிருந்த. நாலு நாளா அதுதான் மண்டைக்குள்ள ஓடுது. கப்பல்ல நீ சிடார் போட்டிருக்க, ரேடியோல டெலக்ஸ் அனுப்புற முறை, அதையேதான் 1970கள் கடைசில இங்கிலாந்துல பீட்டர் மார்ட்டினெஸ் ஹாமுக்குத் தகுந்தாப்ல மாத்தி ஆம்டார்னு கொடுத்தார். மூணு எழுத்து 210 மில்லிசெகண்டுல போகும், அப்புறம் 240 மில்லிசெகண்ட் சும்மா இருக்கும், அதுக்குள்ள எதிராளி கிடைச்சுது இல்ல திருப்பி அனுப்புன்னு ஒரே ஒரு எழுத்து சொல்லணும், அது வெறும் 70 மில்லிசெகண்ட். உனக்குக் கோஸ்ட் ஸ்டேஷன் சேனல் ஒதுக்கிக் கொடுத்துச்சு, ஆனா நம்ம பேண்டுல எந்த இடமும் யாருக்கும் சொந்தமில்ல. இப்ப யோசிச்சுப் பாரு, அனுப்புறவன் ஸ்கிப்ல, அதாவது அவன் சிக்னல் உன்னைத் தாண்டிப் போயிடுற தூரத்துல, மறைஞ்சு, வாங்குறவன் மட்டும் உன் காதுல விழுந்தா வெறும் டிக் டிக்னுதான் கேக்கும். ஏதோ ஸ்விட்ச் நாய்ஸ்னு நினைச்சு மேல ஏறி சிக்யூ (யாராவது இருக்கீங்களான்னு கூப்பிடுறது) அடிச்சா, வாங்குறவனுக்கு எழுத்து விழாது, திருப்பி அனுப்புன்னே சொல்லிட்டிருப்பான், அனுப்புறவன் மெஷின் அதே மூணு எழுத்தை திருப்பித் திருப்பி அனுப்பிட்டே கிடக்கும். ரெண்டு பேரும் மாட்டிக்குவாங்க, உனக்கோ ஒண்ணும் தெரியாது.

எழுத்து அனுப்புற இன்னொரு மோட் ஒலிவியா இன்னும் மோசம், ஏன்னா அது நாய்ஸுக்கு அடியில காதுக்கே கேக்காம ஓடிட்டிருக்கும். சில எழுத்து சேர்ந்த ஒரு பிளாக்குக்கே ரெண்டு செகண்ட் ஆகுது, ரெண்டு மூணு பிளாக் வந்தாத்தான் எழுத்து தெரியும், அதனால க்யூஆர்எல்லான்னு (இந்த இடத்துல யாராவது பேசிட்டிருக்கீங்களான்னு) அதே மோட்ல கேட்டுட்டு அஞ்சு செகண்ட்ல கிளம்பிடாத. அரை நிமிஷமாவது திரையில சிக்னல் ஓடுற வாட்டர்ஃபாலைப் பார்த்துட்டு இரு, அப்புறம் இன்னொரு தடவ கேளு.

நான் ஆரம்பத்துல ஒரு பெரிய தப்பு பண்ணேன். ஏஆர்க்யூல, அதான் ஆம்டார்ல பதில் கேட்டுக் கேட்டு அனுப்புற முறையில, ஒருத்தரைக் கூப்பிட விட்டுட்டு சாப்பிடப் போயிட்டேன், பதில் வராததால மெஷின் விடாம கூப்பிட்டுட்டே இருந்திருக்கு, கால் மணி நேரம் வேற ரெண்டு பேரோட பேச்சு அதுல நாசமாச்சு. அவங்கள்ல ஒருத்தர் பிறகு எழுதின கடிதம் இன்னும் என்கிட்ட இருக்கு, கோபமே இல்லாம எழுதியிருந்தார், அதுதான் ரொம்ப உறுத்துச்சு. அன்னிலேர்ந்து லிங்க் ஓடும்போது நாற்காலிய விட்டு எந்திரிக்கிறதில்ல, ரிப்பீட்டே போயிட்டிருந்தா நானே கட் பண்ணிடுவேன்.

இன்னொண்ணு, இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. திருத்தம் நம்ம குத்தத்தை மறைச்சுடும். ஆடியோவ ஏத்தி வச்சு ஏஎல்சி மீட்டர் (அளவு மீறுதுன்னு காட்டுறது) ஆடினாலும் எதிராளிக்கு எழுத்து சுத்தமா வந்துடும், சூப்பர் காப்பின்னு சொல்லுவாரு, ஆனா பக்கத்துல நாலு பேர் மேல நம்ம சிக்னல் சிதறிட்டிருக்கும். அதனால காப்பி எப்படின்னு மட்டும் கேக்காத, சிக்னல் எவ்வளவு அகலமா தெரியுதுன்னு கேளு. ஒலிவியால இடைவெளியே இல்லாம முழு நேரமும் டிரான்ஸ்மிட் ஆகும், பவர பாதிக்குக் கீழ வையி, செட்டோட கடைசிப் பவர் டிரான்சிஸ்டரும் பிழைக்கும்.

நம்பரை மட்டும் எந்த மோடையும் நம்பி விட்டுடாத. ஆம்டார்ல ஒவ்வொரு எழுத்துக்கும் 7 பிட், அதுல ஒரு வகை 4, இன்னொரு வகை 3ங்கிற கணக்கு சரியா இருந்தா மெஷின் ஒத்துக்கும், ஆனா ஒரு பிட் இப்படியும் இன்னொண்ணு அப்படியும் மாறினா கணக்கு சரியாவே இருக்கும், எழுத்துதான் வேறயாயிருக்கும். வெள்ளம் புயல்னு மருந்துக் கணக்கு அனுப்பும்போது 50ஐ ஐம்பதுன்னு எழுத்துலயும் அனுப்பு, அவரைத் திருப்பி அடிக்கச் சொல்லு.

சிக்யூ கூப்பிடும்போது ஆர்எஸ்ஐடிங்கிற அடையாள ஒலிய ஆன் பண்ணி வையி, ஒண்ணரை செகண்ட்ல இது என்ன மோடுன்னு எதிர்ல இருக்கிற மெஷின் கண்டுபிடிச்சுடும், ஆள் கிடைச்சதும் ஆஃப் பண்ணிடு.

ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு 40 மீட்டர் பேண்டுல ஒலிவியா 8/250 (8 டோன், 250 ஹெர்ட்ஸ் அகலம்) போட்டு உன்னைக் கூப்பிடுறேன், 20 வாட் போதும். நிமிஷத்துக்குப் பதினஞ்சு வார்த்தைதான் போகும், அவசரப்படாத. முன்னாடியே உக்காந்து கொஞ்ச நேரம் சும்மா கேட்டுட்டு இரு, நானும் அதைத்தான் பண்ணிட்டிருப்பேன்.

73, வாழ்த்துகள்

உன் பழைய கூட்டாளி