ஆண்டறிக்கை: படிப்பகமும் பழைய தலைப்புப் பலகையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் இங்கே வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையின் நகல் வீடு தேடி வரும். சந்தா ரசீதும் கூடவே வரும்.

ஜூன் 19 வாசிப்பு தினம், ஆகஸ்ட் 15 கொடியேற்றம், டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. ஓணத்துக்குப் பாயசமும் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும் வழங்கினோம். உறுப்பினர் வருகை முழுமையாக இருந்தது அந்த இரண்டு நாள்தான். வாசல் விளக்கு மாற்றப்பட்டது.

இனி பலகை விஷயம். பலகை வதந்தி பரப்புகிறது என்று செயற்குழுவில் புகார் எழுந்ததால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பரண்மேல் கிடக்கும் பழைய பேப்பர் கட்டுகளை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் பொருளாளர். போடுவதற்கு முன் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தேன். சணல் கயிறு கையில் தூளாக உதிர்ந்தது. 1979 ஜூலை பேப்பர். கீழ்ப்பாதி முழுக்கக் கரையான். மேலே, அமெரிக்காவின் விண்வெளி நிலையமான ஸ்கைலாப் விழப்போகிறது என்ற கொட்டை எழுத்து மட்டும் மிச்சம். தலைப்பு இருக்கிறது, செய்தி போய்விட்டது. அப்படியானால் என்ன நடந்தது என்பதை நாம்தானே எழுதிக்கொள்ள வேண்டும்? அப்படித்தான் ஞாயிறுதோறும் ஒரு பழைய தலைப்பு, அதன் கீழே ஒரு கற்பனை விளைவு, அதற்கும் கீழே ஒரு துணுக்கு என்று பலகை தொடங்கியது. சாக்பீஸ் என் சொந்தச் செலவு.

1956 நவம்பர் 1, கேரளம் பிறந்த தலைப்பு. இன்று பாலக்காடு மாவட்டத்தில் உள்ள நம் சித்தூர் அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, பாலக்காடு சென்னை ராஜ்யத்தில் இருந்தது. விளைவு: பாலக்காட்டில் பெண் எடுத்தவர்கள் வெளிமாநிலச் சம்பந்தம் என்ற பெருமையை ஒரே ராத்திரியில் இழந்தார்கள். 1957 ஏப்ரல் 1, அணாவுக்குப் பதில் நயா பைசா வந்த தலைப்பு. ஒரு அணாவுக்குச் சரியான கணக்கு ஆறேகால் நயா பைசா, கைக்கு வந்தது ஆறு. விளைவு: மிச்சக் கால் பைசாவை இன்னும் தேடுகிறார்கள், சங்கக் கணக்குகளில் பார்ப்பது நல்லது. பொருளாளர் இதைத் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். நான் பொதுவாகத்தான் எழுதினேன்.

உள்ளாட்சித் தேர்தல் சமயத்தில் 1948 நவம்பர் 3 சிகாகோ டிரிப்யூன் பேப்பரைப் போட்டேன். அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் முன்கூட்டியே அச்சேற்றியதில், அமெரிக்க அதிபர் தேர்தலில் தோற்ற டூயி ஜெயித்ததாகத் தலைப்பு வந்துவிட்டது. ஜெயித்த ட்ரூமன் அதே பேப்பரைத் தூக்கிப் பிடித்துச் சிரித்த படம் உலகப் பிரசித்தம். விளைவு: அன்றிலிருந்து வேட்பாளர்கள் பட்டாசைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்ட பிறகே வாங்குகிறார்கள். நம் உறுப்பினர் ஒருவர் அதற்கப்புறம் படிப்பகம் பக்கமே வரவில்லை. அவர் தேர்தலில் நின்றதே எனக்குத் தெரியாது. முடிவு வந்த நாளிலும் பலருக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு தலைப்புக்கு மட்டும் கற்பனை தேவைப்படவில்லை. தமிழ்நாட்டோடு செய்த பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் கேரளத்தில் இருக்கும் நமக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-இல். ஆழியாறு தண்ணீர் பற்றிப் பேச்சுவார்த்தை என்ற தலைப்பை எந்தக் கட்டிலிருந்து எடுத்தாலும் தேதியை மட்டும் மறைத்தால் போதும், இன்றைய பேப்பர் என்று படித்துவிட்டுப் போகிறார்கள்.

ஸ்கைலாப்புக்கு வருகிறேன், ஏனென்றால் புகார் அதைப் பற்றித்தான். அதன் துண்டு ஒன்று கேரள-தமிழக எல்லையில் உள்ள வேலந்தாவளம் சோதனைச்சாவடியில் விழுந்தது, வானத்திலிருந்து வந்தாலும் பில் வேண்டும் என்று நிறுத்தி வைத்தார்கள் என்று எழுதி, கீழே கற்பனை என்றும் போட்டிருந்தேன். அதைப் போட்டோ எடுத்தவர் கடைசி வரியை வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அவர் இரண்டு வருடச் சந்தா பாக்கி உள்ளவர் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெரியவர் பேரனோடு துண்டைப் பார்க்க வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் கோபப்படவில்லை. டீ குடித்தார், பரணில் இருந்து இன்னும் இரண்டு கட்டுகளை இறக்கச் சொல்லிப் படித்தார், போகும்போது 100 ரூபாய் கொடுத்தார். இந்த ஆண்டு கேட்காமல் வந்த ஒரே பணம் அது.

வேடிக்கை என்னவென்றால், அதே பலகையில் நிஜத்தையும் எழுதியிருந்தேன். துண்டுகள் விழுந்தது ஆஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் பக்கம். குப்பை போட்டதற்கு அந்த ஊர் நிர்வாகம் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ போன 17 வயதுப் பையனுக்கு அங்குள்ள பத்திரிகை 10,000 டாலர் பரிசு கொடுத்தது. இதை ஒருவரும் நம்பவில்லை, செயலாளர் அளக்கிறார் என்றார்கள். தினமலர் 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பத்திரிகை என்று எழுதியபோதும் இதே சிரிப்புதான். பலகை வதந்தி பரப்புகிறது என்பவர்கள் முதலில் எது வதந்தி என்று பிரித்துச் சொல்லட்டும். அதற்குப் பேப்பர் படிக்க வேண்டும், அதற்குப் படிப்பகத்துக்கு வர வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் இரண்டும் ஏறக்குறையச் சமம், பற்றாக்குறையைக் கைமாற்றாக வாங்கிச் சமாளித்தோம். சந்தா மாதம் 20 ரூபாய்தான். உறுப்பினர்களில் பாதிக்குமேல் பாக்கி. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

தலைவர், செயற்குழு உறுப்பினர்கள், பேப்பர் போடும் தம்பி, கட்டட உரிமையாளர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பரணுக்கு மேல் நாலைந்து ஓடு உடைந்திருக்கிறது. இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு முன் மாற்றாவிட்டால் கட்டுகள் எடைக்குக்கூட ஆகாது. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதானால் எனக்கு மகிழ்ச்சியே. சாவி, சாக்பீஸ் டப்பா, கைமாற்றுச் சீட்டு மூன்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். ஓடு மாற்ற நன்கொடை தர நினைப்பவர்கள் தயங்க வேண்டாம். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது, டீயும் வடையும் அதைத் தாண்டித்தான் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்,
கொழிஞ்சாம்பாறை