தக்காளிச் செடி பற்றி பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. குறுவட்டப் போட்டிகளில் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள், பேச்சுப் போட்டியிலும் பரிசு வந்தது, எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், ஆறாம் வகுப்புத் தக்காளிச் செடி விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

ஆடியில் பிள்ளைகளே குழித்தட்டில் விதை போட்டார்கள். 25 நாள் நாற்றானதும், வீட்டில் பையில் வளர்த்து தினமும் பார்த்ததை நோட்டில் எழுதிவர ஆளுக்கு இரண்டு கொடுத்தனுப்பினோம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1 ரகம் அது, பழம் தட்டை உருண்டையாக, காம்புப் பக்கம் பச்சை படர்ந்து இருக்கும். நட்டு 40 நாளில் பூவும் பிஞ்சும்தான் பார்க்கலாம், பழம் பறிக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். ஆனால் போன வெள்ளிக்கிழமை செடிகளைப் பார்வைக்கு வைத்தபோது ஏழெட்டுப் பைகளில் சிவந்த பழமே தொங்கியது, அதுவும் பெங்களூர் தக்காளி மாதிரி நீள உருண்டையில்.

வாடிய செடியோடு போனால் பிள்ளை அழுமே என்று நர்சரியில் வாங்கி வைத்திருப்பீர்கள். அந்த மனசு புரிகிறது. ஆனால் ஒரு பாப்பாவிடம், "எத்தனாவது நாள்மா பூ விட்டது?" என்று கேட்டேன். பதில் சொல்லத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டது. எனக்கு மிகவும் கஷ்டமாகிவிட்டது. பக்கத்திலேயே ஒரு பையன் வெறும் காய்ந்த குச்சியோடு நின்றான். அவன் நோட்டில், "17ஆம் நாள் இலை மேல்பக்கமாகச் சுருண்டது. அடியில் வெள்ளையாகச் சின்னப் பூச்சி. தொட்டால் பறக்கிறது" என்று எழுதியிருந்தான். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோயை யாரும் சொல்லித் தராமல் கண்டுபிடித்திருக்கிறான், அன்றைக்கு முழு மதிப்பெண் அவனுக்குத்தான்.

அதனால் கண்டிப்பாகவே சொல்கிறேன். செடியை மாற்றி வைத்துப் பிள்ளையை "இது என்னுடையது" என்று சொல்ல வைக்காதீர்கள். இனி அப்படி வரும் செடியைப் பார்வைக்கு வைக்க மாட்டோம், மதிப்பெண்ணும் கிடையாது. செத்த செடிக்கு மதிப்பெண் குறைக்கவே மாட்டோம், பையையும் நோட்டையும் அப்படியே கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் உதவி வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதிச் செடிகள் போனது தண்ணீர் அதிகமாகித்தான். ஒரு விரல்கணு ஆழம் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் காலையில் ஊற்றச் சொல்லுங்கள். ஒருநாள் வெள்ளமாகவும் மறுநாள் வறட்சியாகவும் விட்டால் காயின் அடி கறுத்து அழுகும். வெள்ளை ஈ வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடியில் படும்படி சாயங்காலம் தெளிக்கலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் பையின் அடித்துளை அடைபடாமல் இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி வைத்துத் தொழுவுரம் கொண்டுவந்து இறக்கிய அப்பாக்களுக்கும், தினமும் பிள்ளையோடு மாடி ஏறி இறங்கிய பாட்டிகளுக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் இல்லாமல் இது தொடங்கியே இருக்காது. செடி போன பிள்ளைகளுக்கு மழை விட்டதும் டிசம்பரில் புது நாற்று தருவோம். பழைய பையைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், புது மண்ணும் உரமும் பள்ளியிலேயே தருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்