குளத்தைத் தோண்டும் முன்

அன்புள்ள பழனிசாமிக்கு,

கடிதம் கிடைத்தது. குளம் தூர்வார ஜேசிபிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்கிறாய். நல்லது. ஆனால் வண்டி இறங்கும் முன் எல்லோரும் வாய்க்கால் கரையோடு அணைக்கட்டு வரை நடந்துவிடுங்கள். நொய்யல் ஆற்றுக் குளங்கள் மழையை மட்டும் நம்பி வெட்டியவை அல்லவே. சித்திரைச்சாவடி அணைக்கட்டில் ஆற்றிலிருந்து பிரியும் தண்ணீர்தான் கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளம் என்று ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போகிறது. நடுவில் ஒரு குழாய்ப்பாலம் அடைத்துக்கொண்டால், கீழே எத்தனை அடி தோண்டினாலும் வெறும் குழிதான்.

நடக்கும்போது மட்டம் பார்க்கக் கொத்தனாரின் தண்ணீர் டியூபை எடுத்துப் போங்கள். ஒவ்வொரு பாலத்திலும் குழாயின் அடிமட்டம் வாய்க்கால் தரையோடு ஒத்திருக்கிறதா பாருங்கள். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வாட்டமுள்ள வாய்க்காலில் குழாயை அரையடி உயர்த்திப் பதித்துவிட்டால், அதற்கு மேலே 150 மீட்டருக்குத் தண்ணீர் தேங்கி மண் படியும். வருஷா வருஷம் அங்கேயே தூர்வாரிக்கொண்டிருப்பார்கள். கோளாறு குழாயில் இருக்கும்.

குளத்துக்குள் கரையின் அடியை ஒட்டித் தோண்ட விடாதே. முப்பது அடியாவது விட்டுவிடு, இல்லையென்றால் கரை சரியும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எடுக்கும் ஆழம் ஊற்றுக்கு உதவும், வயலுக்குப் பாயாது. குளத்துத் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடு, பிறகு சண்டை வரும். வண்டலைத் தோட்டத்துக்கு அடிக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கு. சாக்கடை கலந்த குளமானால் மண்ணைப் பரிசோதிக்காமல் யாருக்கும் கொடுக்காதே. சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது, ஈரம் இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். ஆடுமாடு தின்று போடும் காயிலிருந்து மறுபடி முளைக்கும். இரண்டு மூன்று வருஷம் கன்று பிடுங்க ஆள் வேண்டும். இந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

மேலே பள்ளத்தில், அந்த ஓடையின் குறுக்கே, கல் தடுப்பு போடும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. (காட்டு எல்லைக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூடப் புரட்டாதே.) உயரம் இரண்டரை அடி போதும். இடைவெளிக்கு ஒரே கணக்கு: கீழ்த்தடுப்பின் தலையும் மேல்தடுப்பின் அடியும் ஒரே மட்டம். நூறு அடிக்கு ஐந்து அடி சரிவென்றால் ஐம்பது அடிக்கு ஒன்று. இரு கரையிலும் ஒன்றரை அடி உள்ளே வெட்டிக் கல்லைச் செருகு. நடுப்பகுதி ஓரங்களைவிட அரையடி தாழ்ந்திருக்கட்டும். பெரும்பாலும் இதில்தான் தப்பு நடக்கும். மேல்மட்டம் சமமாக இருந்தால் வெள்ளம் ஓரத்தைச் சுற்றிக் கரையை அறுத்துக்கொண்டு போகும், தடுப்பு நடுவில் சும்மா நிற்கும். தண்ணீர் விழும் பக்கம் நாலைந்து அடிக்குக் கனமான கல் பாவு.

ஆற்றுக்குள் உறைகிணறு இறக்கி நிலத்தடி நீரைச் செறிவூட்டலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். தெளிந்த தண்ணீர் ஓடும் இடத்தில் சரி. ஊருக்குக் கீழே, சாக்கடை சேர்ந்த பிறகு, வேண்டவே வேண்டாம். திருப்பூருக்குக் கீழே நொய்யலில் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்தவர்கள்தானே நாம்! 1992-இல் பாசனத்துக்கென்று கட்டியதில் சாயத்தண்ணீர் தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளும் கெட்டன. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011-இல். கெட்ட தண்ணீரைத் தேக்குவதைவிட ஓடவிடுவதே தேவலை.

நொய்யல் பிறக்கும் வெள்ளியங்கிரி மலையில் ஆனி, ஆடியிலேயே மழை பிடித்துவிடும். வைகாசிக்குள் வாய்க்காலை முடி, குளம் அடுத்த வருஷம் ஆனாலும் பரவாயில்லை. அணைக்கட்டு ஷட்டரைத் திருகும் கைப்பிடி இப்போது யார் வசம் இருக்கிறது என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
சுப்பிரமணியம்