வாய்க்காலில் ஓடும் வெந்நீருக்கும் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நான் வேலை செய்த ஆலையின் பின்சுவரை ஒட்டிய வாய்க்காலில் இரவும் பகலும் ஆவி பறக்கும். மழைக்காலத்தில் பூனைகள் குட்டிகளோடு அந்தச் சூட்டில்தான் படுத்துக்கிடக்கும். பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் 29 ஆண்டுகள் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆவியை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நம் மலேசியாவில் எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. 2008ஆம் ஆண்டு விதிமுறைகள் மின்சாரத்தை மட்டுமே பார்த்தன. இப்போது வெப்பமும் கணக்கில் வந்துவிட்டது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூலோ அதற்கு மேலோ எரிசக்தி செலவிடும் ஆலைகள் எரிசக்தி மேலாளரை நியமித்துத் தணிக்கையும் செய்தாக வேண்டும். மனமார வரவேற்கிறேன். ஆனால், தணிக்கைக்கு வருபவர்கள் பாய்லர் அறையோடு திரும்பிவிடக் கூடாது. நீராவி வீணாவது பெரும்பாலும் அந்த அறைக்கு வெளியேதான்.

ஸ்டீம் டிராப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவுள்ள இரும்புத் துண்டு. வேலை முடிந்து தண்ணீராகிவிட்ட நீராவியை வெளியே விட்டு, புது நீராவியைத் தடுத்து நிறுத்துவதுதான் அதன் வேலை. ஸ்குரூடிரைவரின் நுனியை அதன் தலையில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்பேன். எங்கள் ஆலையில் இருந்தவை தட்டு வகை. நல்ல டிராப்பில் 'டக்' என்று ஓர் அடி, பிறகு அமைதி, சற்றுக் கழித்து மீண்டும் ஓர் அடி. தட்டு தேய்ந்துபோனால் இடைவிடாமல் படபடக்கும். அந்தப் படபடப்பு முழுவதும் நாம் காசு கொடுத்து எரித்த எரிவாயு. உற்பத்தி நிற்காததால் மாதக்கணக்கில் யாரும் கண்டுகொள்வதில்லை.

அடுத்தது அந்த வாய்க்கால் தண்ணீர். 7 பார் அழுத்தத்தில் நீராவி சுமந்துவரும் வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்கு, அது தண்ணீரான பிறகும் அதற்குள்ளேயே இருக்கிறது. நாங்களோ அதைக் கொட்டிவிட்டு, 30 பாகை குழாய்த் தண்ணீரைப் பாய்லருக்கு ஊட்டிக்கொண்டிருந்தோம். ஊட்டும் தண்ணீரின் சூடு 6 பாகை ஏறினால் எரிபொருளில் சுமார் 1 விழுக்காடு மிச்சம். அந்த வாய்க்கால் தண்ணீரைத் திருப்பி எடுத்து 80 பாகைக்குக் கொண்டுபோனால் ஏறத்தாழ 8 விழுக்காடு. அது சுத்திகரித்த தண்ணீர் என்பதால் பாய்லர் தண்ணீரில் கலக்கும் மருந்துக்கான செலவும் குறையும். ஒரு தொட்டி, ஒரு பம்பு, திரும்பிவரும் குழாய், அதைச் சுற்றிக் கம்பளிக் காப்பு, இவ்வளவுதான் வேண்டும். எட்டு ஆண்டுகள் கேட்டேன். பணம் இல்லை என்றே பதில் வந்தது. எரிவாயுக் கட்டணத்துக்கு மட்டும் ஒரு மாதம்கூடப் பணம் இல்லாமல் போகவில்லை.

எரிசக்தி மேலாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நான் நிரப்பிய குறிப்பேட்டில் மணிக்கு மணி அழுத்தம், நீர்மட்டம், எரிபொருள் அளவு எழுதக் கட்டங்கள் இருந்தன. ஊட்டும் தண்ணீரின் சூட்டுக்கும், கெட்டுப்போன டிராப்புகளின் எண்ணிக்கைக்கும் கட்டமே இல்லை. கடைசி மூன்று ஆண்டுகள் ஓரத்தில் பென்சிலால் நானே கோடு போட்டு எழுதிவந்தேன். அதை யாரும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த இரண்டு கட்டங்களையும் இனி அச்சிட்டே கொடுங்கள். இரவு ஷிப்டில் இருக்கும் பாய்லர்மேன் எழுதுவார். மறுநாள் காலையில் நீங்கள் படித்துக் கையெழுத்திடுங்கள்.

ஓய்வுபெற்ற பாய்லர்மேன்,
பிறை, பினாங்கு