பெரிய மோட்டார் வேண்டாம், காற்றைச் சரி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் வேறு வேலை பார்க்கும் இளைஞர்கள் வீட்டுக் கொல்லையில் சின்னதாக உலை போட்டு, லீவு நாளில் கத்தி, கொக்கி, களைக்கொட்டு என்று ஆசைக்கு அடித்துப் பார்க்கிறார்கள். எனக்கு ரொம்பச் சந்தோஷம். அறுவடை இயந்திரம் வந்து கதிர் அரிவாளுக்கு வேலை குறைந்தபின் எங்கள் பக்கம் கொல்லுப்பட்டறைகள் பல மூடிக் கிடக்கின்றன, அங்கே உலைக்குக் காற்று ஊதிய புளோயர்கள் எடை போட்டுக் காயலான் கடைக்குப் போகின்றன, அதைத் தேடிப்போய் வாங்கி ஒருவர் மறுபடி நெருப்பு மூட்டுகிறார் என்றால் நல்லதுதானே. ஆனால் வாங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையேதான் சொல்கிறார்கள்: "சூடு பத்தலைண்ணே, இன்னும் பெரிய மோட்டாரா மாட்டிக் கொடுங்க."

மாட்டாதீர்கள். இருக்கிற மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று முதலில் பாருங்கள். யாரோ ஒருமுறை கழற்றி மாட்டும்போது மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தால் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும். அப்போதும் காற்று வாய் வழியாக வெளியேதான் வரும், உள்ளே இழுக்காது, அதனால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை, காற்றில் வேகம் மட்டும் இருக்காது. அந்த இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் போதும், அதே மோட்டார் கரியைப் பறக்கவிடும்.

அப்புறம் கட்டுப்பாடு. கெப்பாசிட்டர் வைத்த புளோயர் மோட்டாருக்கு ஃபேன் ரெகுலேட்டர் போட்டு வேகத்தைக் குறைக்கப் பார்த்தால் மோட்டார் சூடேறிக் காயில் கருகலாம், என்னிடம் வருவதில் பாதி அப்படிக் கருகியவைதான். புளோயரிலிருந்து உலைக்குப் போகும் குழாயின் நடுவில் தகரத்தை வெட்டி ஒரு தடுப்பு வையுங்கள், அதை இழுத்தும் தள்ளியும் காற்றை வேண்டிய அளவுக்கு விடலாம். வாயை அடைத்தால் மோட்டார் திணறும் என்று பயப்படுகிறார்கள். இந்த மாதிரி புளோயரில் காற்றுப் போக்குக் குறைந்தால் மோட்டாரின் சுமையும் குறையும், ஒயரில் கவ்வவிட்டுக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பாருங்கள், ஆம்பியர் இறங்குவது தெரியும்.

காற்று ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அதிகமானாலும் இரும்பு கெடும். குழாய் வாய்க்கு நேர் மேலே இரும்பை வைத்தால் எரியாமல் மிஞ்சிய காற்று அதில் பட்டுச் செதில் செதிலாக உரியும், இன்னும் போனால் மத்தாப்புப் போலப் பொறி பறக்கும், அந்தத் துண்டு அவ்வளவுதான். கீழே ஒரு சாண் உயரத்துக்குக் கரி எரிய வேண்டும், இரும்பு அதற்கு மேலே கிடக்க வேண்டும். தெர்மாமீட்டர் தேவையில்லை. சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாத நிலைக்கு வந்து, அதற்கு மேலும் நிறம் ஏறி ஆரஞ்சாகும்வரை விட்டு அடியுங்கள். நிறம் தெரிய நிழல் வேண்டும், அதற்காகக் கீற்றுக் கொட்டகைக்குள் போய்விடாதீர்கள், நாலு பக்கமும் திறந்த தகரக் கூரை போதும். மூடிய அறையில் கரிப்புகை ஆளைக் கொல்லும்.

உலைச் சட்டிக்குப் பழைய லாரி பிரேக் டிரம் அருமையான சாமான். உள்ளே சிமென்ட் பூசாதீர்கள், சூட்டில் வெடித்துத் தெறிக்கும். நம் ஆற்று வண்டல் இருக்கவே இருக்கிறது, சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் அச்சுக்கு எடுப்பதும் அதைத்தானே. வண்டலோடு உமி கலந்து பிசைந்து பூசி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, முதலில் சிறு தணலில் வாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூசினால் காய நாளாகும், அவசரப்பட்டால் வெடிப்பு விடும். நெருப்புக்கு அருகே துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் வேண்டாம், துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும், சாதாரணக் கறுப்பு இரும்புக் குழாயே போதும். கரண்ட் போனால் உடனே குழாயைப் புளோயரிலிருந்து கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் உலையின் வாயு பின்னால் ஏறி நிற்கும், கரண்ட் வந்ததும் டப்பென்று வெடிக்கும்.

கரிக்குப் பதிலாக உலைக்குக் கேஸ் பர்னர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சமையலுக்குக் கொடுக்கும் 14.2 கிலோ சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. அதன் ரெகுலேட்டர் தரும் அழுத்தமும் இந்தப் பர்னருக்குப் போதாது, போதவில்லை என்று ரெகுலேட்டரையே கழற்றி நேராக இணைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 19 கிலோ வணிக சிலிண்டர், ஹை பிரஷர் ரெகுலேட்டர், புது ஹோஸ், ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்ப்பது, இதில் ஒன்றையும் விடக்கூடாது. காற்றைவிடக் கனமான வாயு அது, கசிந்தால் பள்ளத்தில் தங்கும்.

கடைசியாக, பெட்டி போன்ற பழைய ஃபர்னஸ் உலைகளை ஏலம் விடும் கல்லூரிகளுக்கும் ஆலைகளுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்துப் பெட்டிகளின் கதவு ஓரத்தில் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் கயிறும் அட்டையும் இருக்கலாம். அது தெரியாமல் வாங்கிப்போய் வெறுங்கையால் பிய்த்துப் போடுகிறார்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டி விற்கச் சொல்லுங்கள். புளோயர், குழாய், கதவு எல்லாம் பிரிக்காமல் ஒரே செட்டாக விற்றால் வாங்குகிறவர்களுக்கு இன்னும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் வாசகர்,
மன்னார்குடி