தை முதல் மார்கழி வரை ஒரே கணக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

வீட்டு வரவு செலவுக் கணக்கை எப்படி எழுதுவது என்று போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. தஞ்சாவூரில் வேலை பார்த்தபோது மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்கெழுதிப் பழகியவள் நீ. பேராவூரணியிலும் அப்படியே எழுதினால், ஒரு மாதம் கொட்டுகிறது, அப்புறம் நாலு மாதம் வெறும் செலவாக நிற்கிறது என்று நோட்டை மூடிவிட்டாய். உன் கணக்கில் பிழை இல்லை. நெல்லையும் தேங்காயையும் நம்பி இருக்கிற வீட்டுக்கு மாதக் கணக்கு ஒத்துவராது. தை முதல் மார்கழி வரை ஒரே கணக்காக எழுது.

உங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் தண்ணீர் அங்கே வந்து சேர நாளாகும். சம்பா ஒன்றைத்தான் நம்ப முடியும். அந்தப் பணம் தை, மாசியில் கொள்முதல் நிலையத்திலிருந்து வங்கிக் கணக்கில் விழும். தேங்காய் வெட்டு நடுநடுவே கைகொடுக்கும். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் மட்டும்தான் மாதம் தவறாமல் வருவது. அதை பால், காஸ் சிலிண்டருக்கென்றே ஒதுக்கிவிடு.

நெல்லை விற்பதற்கு முன்னால் சாப்பாட்டு நெல்லை எடுத்து வைக்கச் சொல். 60 கிலோ மூட்டையை அரைத்தால் 38, 40 கிலோ அரிசி தேறும். உங்கள் ஐந்து பேருக்கு மாதம் ஒரு மூட்டை என்று வைத்துக்கொள். இட்லிக்கு ரேஷன் அரிசி போதும். அடுத்தது கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடன். கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. தவறினால் வட்டி ஏறும், அடுத்த கடனும் இழுபறியாகும். ஆகவே நெல் பணம் வந்த கையோடு அதைக் கட்டிவிடுங்கள். நகை, வண்டி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி மொய். கணக்கெழுதுகிறவர்கள் பலரும் இதை ‘இதர செலவு’ என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறார்கள். நம் பக்கத்தில் அது கடன். ஆடி, ஆவணியில் மொய் வாங்குவதற்கென்றே வைக்கிற மொய் விருந்து வரிசைகட்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டி மூச்சு விடுவதற்குள் உழவு, நாற்று, நடவுக் கூலி என்று வயல் கேட்கிற நேரமும் அதுதான். நகை அடகுக்குப் போவது பெரும்பாலும் இந்த இரண்டு மாதத்தில்தான். உன் மாமியாரிடம் பழைய மொய் நோட்டு இருக்கும். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, யார் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், அவர்கள் வீட்டு விசேஷம் எப்போது வரும் என்று ஊர்வாரியாக எழுதிக்கொள். வாங்கியது ஒரு பத்தி, அதைத் திருப்பும்போது அதன்மேல் கூடுதலாகப் போடப்போகிற தொகை, அதாவது புதுநடை, இன்னொரு பத்தி. புதுநடை எவ்வளவு என்பதை மாசியிலேயே பேசி முடித்துவிடுங்கள். பந்தியில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்தால் கை தாராளமாகிவிடும்.

இன்னொன்று, மனதில் பட்டதைச் சொல்கிறேன். மாப்பிள்ளை உரக்கடை பாக்கியை உன்னிடம் சொல்வதில்லை, நீ மகளிர் குழுக் கடனை அவரிடம் சொல்வதில்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் வரட்டும். முதல் நாள் சண்டை வரும், வரட்டும். மறைத்த கடனுக்கு யாருடைய கணக்கிலும் பணம் ஒதுக்க முடியாது. பெரியவனையும் கூட உட்கார வை. எட்டாவது படிக்கிறான், கூட்டிப் போடத் தெரியும். சைக்கிள் ஏன் பங்குனிக்குத் தள்ளிப்போகிறது என்று அவனே புரிந்துகொள்வான்.

பயிர்க் காப்பீட்டை விட்டுவிடாதே. சம்பாவுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது உங்கள் தோப்பு எப்படிக் கிடந்தது என்று மாமியாரைக் கேள். தென்னை மறுபடி காய்க்க எத்தனை வருஷம் ஆகும்! அதனால் மழையும் புயலும் வருகிற ஐப்பசி முதல் மார்கழி வரைக்குமான வீட்டுச் செலவை தனிக் கணக்கில் போட்டுவிடு. அந்த ஏடிஎம் கார்டு மாமியாரிடம் இருக்கட்டும்.

மாதக் கடைசி ஞாயிறு ராத்திரி, சாப்பிட்டு முடித்ததும் நோட்டை எடுங்கள். போட்ட கணக்கும் ஆன செலவும் எங்கே விலகுகிறது என்று பார்த்தால் போதும், அரை மணி நேரம்தான். விலகினால் அடுத்த மாதத்துத் தொகையை மாற்றி எழுது, அடித்தல் திருத்தல் இருக்கத்தான் செய்யும்.

முதலில் சங்கத்துக் கெடு தேதியை மாப்பிள்ளையிடம் கேட்டு முதல் பக்கத்தில் எழுது. மொய்ப் பக்கத்தை எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. நம் அம்மா வீட்டு உறவில் விட்டுப்போன பெயர்களை நான் சேர்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா